ஹாஸ்கெல்: வகையில் ஒரு புலம் சேர்த்ததும் பழைய கோப்பைப் படிக்க முடியவில்லை

பனையோலை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் நூற்பட்டியலையும் இரவல் கணக்கையும் வைத்துக்கொள்ள ஹாஸ்கெல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு நூலும் ஒரு ரெக்கார்டு, அதாவது பெயரிட்ட புலங்களின் தொகுப்பு. அதில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, நிலை என்னும் புலங்கள் உள்ளன. நிலை என்பது கையிருப்பு, இரவல், தொலைந்தது என்று மூன்று கன்ஸ்ட்ரக்டர்கள் (வகையின் மாற்று வடிவங்கள்) கொண்ட வகை. நூல்கள் அனைத்தும் தலைப்பைச் சாவியாகக் கொண்ட ஒரு மேப்பில் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பில்) இருக்கின்றன. சேமிப்பதற்கென்று தனியாக எதையும் நான் எழுதவில்லை. வகைகளுக்கு ஷோ (மதிப்பைச் சரமாக்குவது), ரீட் (சரத்தை மதிப்பாக்குவது) இரண்டையும் டிரைவிங் மூலம், அதாவது தொகுப்பியே எழுதித்தரும்படி, பெற்றுக்கொண்டு, மேப்பை ஷோ வழியாகச் சரமாக்கி ரைட்ஃபைல் கொண்டு எழுதுகிறேன். நிரல் தொடங்கும்போது ரீட்ஃபைல், அதன் பிறகு ரீட்.

இதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரலில் இப்போது மூன்று தொல்லைகள். முதலாவது, படித்த கோப்பிலேயே திரும்ப எழுதும்போது சில நேரங்களில் ‘ரிசோர்ஸ் பிஸி, ஃபைல் இஸ் லாக்டு’ என்று பிழை வருகிறது. இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு புலத்தைச் சேர்த்ததும் பழைய கோப்பு முழுவதும் ‘நோ பார்ஸ்’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது. எந்த வரியில் பிழை என்றுகூடச் சொல்வதில்லை. மூன்றாவது, பட்டியல் வளர வளர நிரல் தொடங்க நெடுநேரம் ஆகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் "\2980\2990\3007\2996\3021" என்று எண்களாக இருக்கிறது. இதுவும் வேகக்குறைவுக்குக் காரணமா?

சோம்பல்கணிப்பு எழுதியது:

முதல் தொல்லைக்குக் காரணம் ரீட்ஃபைல் சோம்பலானது என்பதுதான். அது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சரத்தில் அடுத்த எழுத்து யாருக்காவது தேவைப்படும்போது மட்டும் வட்டிலிருந்து படிக்கிறது. கடைசி எழுத்து வரை படித்து முடித்தால்தான் கோப்பு மூடப்படும். ஒரு கோப்பைப் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் எழுதலாம் என்ற விதியை ஹாஸ்கெல் வரையறையே விதிப்பதால், முழுதும் படித்து முடிக்கப்படாத கோப்பில் எழுதப் போனால் ஹாஸ்கெலின் தொகுப்பியான ஜிஎச்சி மறுத்துவிடுகிறது. ‘சில நேரங்களில்’ என்று நீங்கள் குறிப்பிட்டது பொருத்தமானதே: எழுதத் தொடங்குவதற்கு முன் உங்கள் மேப்பை வேறு ஏதாவது ஒரு கணிப்பு தொட்டிருந்தால் கோப்பு மூடியிருக்கும், தொட்டிருக்காவிட்டால் மூடியிருக்காது. பேஸ் என்னும் அடிப்படை நூலகத்தின் 4.15 பதிப்பு முதல் ரீட்ஃபைல் என்பதன் பின்னே ஒற்றை மேற்கோள்குறி சேர்ந்த பெயரில், கோப்பை முழுதும் படித்து மூடிவிட்டுத் திரும்பும் வடிவம் இருக்கிறது. டெக்ஸ்ட் நூலகத்தின் கண்டிப்பான (சோம்பலற்ற) ரீட்ஃபைலும் அப்படியே நடந்துகொள்ளும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உங்கள் நிரலில் இன்னும் வெளிப்படாமல் இருக்கிறது. ரைட்ஃபைல் கோப்பைத் திறந்த கணத்திலேயே அதன் பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். ஷோ தரும் சரமும் சோம்பலாகவே உருவாகிறது. ஆகவே, மேப்பின் நடுவில் எங்கோ மதிப்பிடப்படாமல் கிடக்கும் ஒரு கோவை, வெற்றுப் பட்டியலில் ஹெட் எடுப்பது போன்ற ஒன்றாக இருந்தால், அந்த இடத்துக்கு எழுத்து வந்து சேரும்போதுதான் நிரல் முறியும். அப்போது உங்கள் கையில் இருப்பது பாதி எழுதிய புதிய கோப்பு மட்டுமே, பழையது இல்லை. கண்டிப்பான மதிப்பீடு உள்ள மொழிகளில் தரவைக் கணிப்பதும் எழுதுவதும் தனித்தனியே நடக்கும். இங்கே இரண்டும் ஒரே செயலாகப் பின்னிக் கிடக்கின்றன. முதலில் முழுச் சரத்தையும் கண்டிப்பான பைட்ஸ்ட்ரிங்காக, அதாவது பைட் தொடராக, நினைவகத்தில் உருவாக்குங்கள். பிறகு அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி மூடிவிட்டு, அதற்கு உண்மையான பெயரைச் சூட்டுங்கள். லினக்ஸ் போன்ற போசிக்ஸ் இயங்குதளங்களில் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல் என்பதால், வேறொரு நிரல் பார்க்கும்போது பழைய கோப்பு இருக்கும் அல்லது புதியது இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்காது. மின்வெட்டையும் தாங்கவேண்டுமென்றால் பெயர் மாற்றுமுன், தரவை வட்டில் உறுதியாக எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைப்பும் தேவை. அதே கோப்புறை என்று வலியுறுத்துவதற்குக் காரணம், வேறு வட்டுப் பகுதியில் இருக்கும் கோப்பை இப்படிப் பெயர் மாற்றிக் கொண்டுவர முடியாது என்பதே.

பைட்கணக்கர் எழுதியது:

மூன்றாவது தொல்லைக்குக் கணக்கைப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஹாஸ்கெலின் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் இணைப்புப் பட்டியல். 64 பிட் கணினியில் ஒவ்வொரு கண்ணியும் 24 பைட் எடுக்கும். முதல் 256 எழுத்துகளுக்கு ஜிஎச்சி முன்கூட்டியே செய்துவைத்த பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும். தமிழ் அந்த எல்லைக்குள் வராததால் எழுத்துக்கு இன்னொரு 16 பைட் சேர்ந்து மொத்தம் 40 பைட் ஆகிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அதே எழுத்துக்கு 3 பைட் போதும். உங்கள் கோப்பில் இருப்பதோ எழுத்தும் இல்லை, பின்சாய்கோடும் நான்கு இலக்கங்களும். அதாவது ஒரு தமிழ்க் குறியைப் படிக்க ஐந்து கண்ணிகள், 120 பைட். ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து குறிகள் என்பதால் கோப்பில் மேற்கோள்குறிகளோடு சேர்த்து 27 பைட் ஆகிறது; நேரடியாக எழுதியிருந்தால் 17 போதும். டிரைவிங் வழியாகக் கிடைக்கும் ரீட், இந்தப் பட்டியலை ஒவ்வொரு சொல்லாக வெட்டி, சாத்தியமான வழிகளை எல்லாம் ஒருசேரத் தொடர்ந்து பார்க்கும் பொதுவான பகுப்பான். பெரிய கோப்புகளுக்காக அது எழுதப்படவே இல்லை.

எண்களாக எழுதுவதில் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லிவிடவேண்டும். கோப்பு முழுவதும் ஆஸ்கி எழுத்துகளாக இருப்பதால், எந்த லொக்கேல் (மொழி, குறியாக்கம்) அமைப்பில் ஓடினாலும் அது தடுமாறாது. தலைப்பைத் தமிழிலேயே எழுதத் தொடங்கினீர்களானால் கோப்பின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று நீங்களே அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லொக்கேல் அமைக்கப்படாத சேவையகத்தில் ‘இன்வேலிட் பைட் சீக்வன்ஸ்’ என்று நிற்கும்.

என் பரிந்துரை, மதிப்புகளை நேரடியாக பைட்களாக எழுதும் பைனரி நூலகம். ஜெனரிக் (வகையின் அமைப்பை விவரிப்பது) டிரைவ் செய்துவிட்டு பைனரி இன்ஸ்டன்ஸை (அந்த வகைக்கான செயலாக்கத்தை) வெறுமனே அறிவித்தால் போதும். என்கோட்ஃபைல், டிகோட்ஃபைல் இரண்டும் தயாராக இருக்கின்றன. இன்ட் (முழு எண்) ஒவ்வொன்றும் 8 பைட், பட்டியலுக்கு முன்னால் அதன் நீளம் 8 பைட், கன்ஸ்ட்ரக்டருக்கு ஓர் அடையாள பைட். நிரல் தொடங்குவதில் உள்ள தாமதம் உங்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒட்டகக்காரர் எழுதியது:

நான் பெரும்பாலும் ஓகேம்ல் மொழியில் எழுதுகிறவன். ஆனாலும் இந்தப் பரிந்துரைக்கு ஓர் எதிர்வாதம் வைக்க விரும்புகிறேன். பனையோலை அவர்களின் இரண்டாவது தொல்லைக்கு பைனரி மருந்தாகாது, நோயை மறைத்துவிடும். அந்த வடிவத்தில் புலங்களின் பெயர்கள் எழுதப்படுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக மதிப்புகள் மட்டுமே வருகின்றன. கன்ஸ்ட்ரக்டர்களும் அறிவிப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்ற எண்ணாகவே எழுதப்படுகின்றன. நாளைக்கு யாராவது அகரவரிசை அழகாக இருக்கட்டும் என்று இரவல், கையிருப்பு, தொலைந்தது என்று வரிசையை மாற்றினால், தொகுப்பி ஒரு சொல்லும் சொல்லாது. பழைய கோப்பும் எந்தப் பிழையுமின்றிப் படிக்கப்படும். படிப்பகத்து அலமாரியில் இருக்கும் நூல்களெல்லாம் இரவல் போனதாகவும், இரவல் போனவை அலமாரியில் இருப்பதாகவும் திரையில் தெரியும். ‘நோ பார்ஸ்’ என்று முரட்டுத்தனமாக நின்றுபோகும் ரீட், இதோடு ஒப்பிட்டால் நேர்மையானது என்பேன், ஏனென்றால் அது பெயர்களைச் சரிபார்க்கிறது.

எங்கள் பக்கத்தில் மார்ஷல் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய எந்த மதிப்பையும், நினைவகத்தில் பகிரப்பட்ட பகுதிகள், சுழற்சிகள் உட்பட, அப்படியே பைட்களாக்கிவிடும். அவ்வகையில் ஹாஸ்கெலின் ஷோவைவிடத் திறமையானது, ஏனென்றால் ஷோ பகிர்ந்த பகுதியை இரண்டு முறை அச்சிடும், சுழற்சி இருந்தால் வட்டு நிரம்பும்வரை அச்சிட்டுக்கொண்டே போகும். ஆனால் மார்ஷல் வகையைக் கோப்பில் எழுதுவதில்லை. திரும்பப் படிக்கும்போது நிரலில் நீங்கள் எந்த வகை என்று குறித்தீர்களோ அதையே அது நம்பும்; தவறான வகையாக இருந்தால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (நினைவகப் பிழையில்) விழலாம். வகைப்பாதுகாப்புக்காகவே இந்த மொழிகளைத் தேடி வந்தவர்கள், கோப்பின் வாசலில் அந்தப் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம் என்பதை ஓகேம்ல் கையேடே எச்சரித்துச் சொல்கிறது. ஆகையால்தான் எங்களில் பலர் எஸ்-எக்ஸ்பிரஷன் என்னும் அடைப்புக்குறி வடிவில், பெயர்களோடு, மனிதக் கண்ணால் படிக்கும்படி எழுதிவைக்கிறோம்.

பைட்கணக்கர் எழுதியது:

கன்ஸ்ட்ரக்டர் வரிசை பற்றிய வாதத்தை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். அடையாள எண்களைக் கையால் எழுதிய இன்ஸ்டன்ஸில் நிலையாக வைத்துவிட்டால் அந்த இடர் நீங்கும். அப்படி எழுதுவது பத்து வரி வேலை. டிகோட் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: மீதி பைட்கள் இருந்தால் அது கண்டுகொள்ளாது. டிகோட்-ஆர்-ஃபெயில் என்பதைப் பயன்படுத்தி, மீந்த பைட்கள் வெற்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

பனையோலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பைனரிக்கு மாற்றினேன், தாமதம் போய்விட்டது, பெயர்மாற்ற முறையையும் சேர்த்துவிட்டேன். ஆனால் இப்போது விளங்காத ஒன்று நடக்கிறது. யூனிகோடு எண்வரிசையில் தலைப்புகளை அடுக்கினால் நமது அகராதி வரிசை வருவதில்லை. னகரம் நகரத்துக்கு அடுத்ததாக வந்துவிடுகிறது, மெய்யெழுத்து உயிர்மெய் அனைத்துக்கும் பின்னால் போய்விடுகிறது. ஆகையால் தலைப்புக்கு ஒரு நியூடைப் (ஏற்கெனவே உள்ள வகையைப் போர்த்தும் புதிய வகை) அமைத்து, அகராதி வரிசைப்படி ஒப்பிடும் ஆர்டு இன்ஸ்டன்ஸை நானே எழுதினேன். வகையின் அமைப்பு மாறவில்லை, கோப்பும் பிழையின்றிப் படிக்கப்படுகிறது. முழுப் பட்டியலையும் அச்சிட்டால் எல்லா நூல்களும் இருக்கின்றன. ஆனால் தலைப்பைக் கொடுத்துத் தேடினால் சில நூல்கள் ‘இல்லை’ என்று வருகின்றன. கண்ணெதிரே இருக்கும் நூலை மேப் இல்லை என்கிறது!

சோம்பல்கணிப்பு எழுதியது:

இது இந்த இழையிலேயே சுவையான கேள்வி. மேப் என்பது உள்ளே ஒரு சமநிலைத் தேடுமரம்; சாவிகள் ஏறுவரிசையில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் தேடல் இடதா வலதா என்று முடிவெடுக்கிறது. பைனரி நூலகம் மேப்பை எழுதும்போது ஏறுவரிசைப் பட்டியலாக எழுதுகிறது. படிக்கும்போது ஃப்ரம்-டிஸ்டிங்க்ட்-அசென்டிங்-லிஸ்ட் என்னும் செயற்கூறு கொண்டு, வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே மரத்தைக் கட்டுகிறது. வேகத்துக்காகச் செய்தது. உங்கள் கோப்பு யூனிகோடு வரிசையில் எழுதப்பட்டது. படிக்கும் நிரல் அகராதி வரிசையை நம்புகிறது. மரம் தவறான வரிசையில் கட்டப்பட்டுவிட்டதால், தேடல் தவறான கிளையில் இறங்கி வெறுங்கையோடு திரும்புகிறது. அச்சிடுவது மரம் முழுவதையும் நடந்து பார்ப்பதால் அதற்கு இந்தப் பிழை தெரிவதில்லை.

ரீட் இந்த வலையில் விழாது என்பதைக் கவனியுங்கள். ஷோ, மேப்பை ‘ஃப்ரம்லிஸ்ட்’ என்ற சொல்லோடும் சாவி-மதிப்பு இணைகளின் பட்டியலோடும் அச்சிடுகிறது. ரீட் அந்தப் பட்டியலை உண்மையான ஃப்ரம்லிஸ்ட் வழியாகவே கட்டுவதால் இன்றைய ஒப்பீட்டின்படி மரம் அமையும். உடனடித் தீர்வாக, கோப்பில் மேப்பை எழுதாமல் இணைகளின் பட்டியலை மட்டும் எழுதி, படித்தபின் நீங்களே ஃப்ரம்லிஸ்ட் அழையுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புக்கும் இது பொருந்தும், ஏனென்றால் மேப்பும் பட்டியலும் பைட் அளவில் ஒரே வடிவம்தான்; வகையைப் பட்டியல் என்று சொல்லிப் படித்தால் போதும்.

ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். இதுவரை பேசிய எல்லாத் தொல்லைகளிலும், நிரலின் உள்வகையே கோப்பின் வடிவமாகவும் இருந்திருக்கிறது. ஒரு வரி டிரைவிங் எழுதியதும் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு நிரலின் வசதிக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்களுக்குத் தெரியாமலேயே கோப்பின் வடிவத்தையும் மாற்றுகிறது. கோப்புக்கென்று ஒரு தனி வகையை வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேப், நியூடைப், தனிப்பட்ட ஆர்டு எதுவும் வேண்டாம். சரங்கள், எண்கள், பட்டியல்கள், அவ்வளவு போதும். செயற்கூறுகளைச் சேமிக்க முடியாது என்பதால் அவை அந்த வகைக்குள் தானாகவே வரமாட்டா. கோப்பின் தொடக்கத்தில் ஒரு பதிப்பு எண்ணை எழுதுங்கள். புலம் சேர்க்கும்போது பழைய வகையைத் தொடாமல், அதன் பக்கத்தில் புதிய வகையை எழுதி, பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் ஒரு செயற்கூற்றைக் கொடுங்கள். சேஃப்காப்பி நூலகம் இதையே மைக்ரேட் என்னும் கிளாஸாக அமைத்துத் தருகிறது: ஒவ்வொரு வகைக்கும் ஒரு பதிப்பு எண், அது எந்த வகையிலிருந்து வந்தது என்ற குறிப்பு, மாற்றும் செயற்கூறு. உங்கள் அளவுக்கு நூலகம் இல்லாமலே கையால் எழுதிவிடலாம்.

தொலைபேசியகம் எழுதியது:

எர்லாங் மொழியில் வேலை செய்கிறவன் என்ற முறையில், சோம்பல்கணிப்பு அவர்கள் சொன்னது எங்களுக்குப் பழகிய வழிதான் என்று உறுதிப்படுத்துகிறேன். எர்லாங்கில் ரெக்கார்டு என்பது தொகுப்பிக்கு மட்டும் தெரிந்த பெயர். ஓடும்போது அது வெறும் டுப்பிள் (புலப் பெயர்கள் இல்லாத மதிப்புகளின் வரிசை). ஒரு புலம் சேர்த்தால் டுப்பிளின் அளவு மாறிவிடும், பழைய மதிப்பு எந்த வடிவத்தோடும் பொருந்தாது. நிரலை நிறுத்தாமலேயே புதிய பதிப்பை ஏற்றும் வழக்கம் எங்களுக்கு உண்டு என்பதால், கோப்பு வரை போகவேண்டியதில்லை, நினைவகத்தில் இருக்கும் நிலைக்கே இந்தச் சிக்கல் வந்துவிடும். அதனால்தான் ஜென்-சர்வர் என்னும் சேவைச் சட்டகத்தில் கோடு-சேஞ்ச் என்னும் அழைப்புக்கு முதல் உள்ளீடாகப் பழைய பதிப்பு எண் வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை, இது வெளியிலிருந்து வரும் கோப்பைப் படிப்பவர்களுக்கு. மதிப்பை பைட்களாக்கும் டெர்ம்-டு-பைனரி எழுதும் ஒவ்வொரு தொகுதியும் 131 என்ற பைட்டில் தொடங்கும்; அதைத் திரும்பப் படிக்கும் பைனரி-டு-டெர்ம், உள்ளே புதிய ஆட்டம்கள் (பெயர் மாறிலிகள்) இருந்தால் அவற்றையும் உருவாக்கிவிடும். ஆட்டம்கள் நினைவகத்திலிருந்து ஒருபோதும் நீக்கப்படுவதில்லை, இயல்பான எல்லை 1,048,576. வேண்டுமென்றே புதுப்புது ஆட்டம்களை அனுப்புகிறவர் அந்த எல்லையை நிரப்பிச் சேவையகத்தையே வீழ்த்திவிடலாம். ஆகவே அங்கே, புதிய ஆட்டம்களை ஏற்க மறுக்கும் சேஃப் என்ற தேர்வைக் கொடுத்தே படிக்கவேண்டும். படிப்பகக் கோப்புக்கு இந்த அச்சம் தேவையில்லை.

பனையோலை எழுதியது:

தனி வகையாகப் பிரித்துவிட்டேன். தேடல் சரியாகிவிட்டது. இரண்டு சந்தேகங்கள் மீதி. ஒன்று, மற்றொரு படிப்பகத்தில் இன்னும் ஷோ வடிவத்தில் உள்ள பழைய கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் பதிப்பு எண் இல்லை. இரண்டு, எழுதிப் படித்தால் அதே மதிப்பு வருகிறதா என்று தற்போக்கான மதிப்புகளை உருவாக்கிச் சோதிக்கும் குயிக்செக் கொண்டு சோதிக்கிறேன், எப்போதும் தேறிவிடுகிறது. அது போதுமா? ஜேசான் என்னும் பொதுவான உரை வடிவத்துக்குப் போவது நல்லதா என்றும் தோன்றுகிறது.

சோம்பல்கணிப்பு எழுதியது:

ஷோ வடிவக் கோப்புகள் ‘ஃப்ரம்லிஸ்ட்’ என்ற சொல்லில் தொடங்கும் என்பதால் அதையே பதிப்பு அடையாளமாகக் கொள்ளலாம். உங்கள் புதிய கோப்பு அந்த எழுத்துகளோடு தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய வகையைத் தனி மாட்யூலில், பழைய கன்ஸ்ட்ரக்டர், புலப் பெயர்களை மாற்றாமல் வைத்து, அதற்கு மட்டும் ரீட்டை டிரைவ் செய்யுங்கள். ஷோ அச்சிடும் பெயர்களில் மாட்யூல் பெயர் சேராது என்பதால் ரீட் அவற்றை ஏற்றுக்கொள்ளும். ரீட்டுக்குப் பதில் ரீட்மேபி பயன்படுத்தினால் நிரல் முறியாமல், கோப்பு பழுது என்று நீங்களே செய்தி காட்டலாம்.

ஜேசான் பற்றி: அதைக் கையாளும் ஏசான் நூலகத்தில், மேபி வகைப் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகைப்) புலம் கோப்பில் இல்லாவிட்டால் நத்திங் (மதிப்பு இல்லை) என்று எடுத்துக்கொள்ளும்படி டிரைவ் செய்யலாம் என்பதால், மொழிபெயர்ப்பாளர் போன்ற மாற்றங்கள் வலியின்றிப் போகும். வேறு மொழி நிரல்களும் அந்தக் கோப்பைப் படிக்கவேண்டுமென்றால் அதுவே சரியான தேர்வு. உங்கள் நிரல் மட்டுமே படிக்கப்போகிறது என்றால் இப்போது இருப்பதை மாற்றவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

ஒட்டகக்காரர் எழுதியது:

குயிக்செக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அந்தச் சோதனையில் எழுதுவதும் படிப்பதும் ஒரே பதிப்பு நிரல். கன்ஸ்ட்ரக்டர் வரிசையை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறுவதால் அது தேறத்தான் செய்யும். அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்கு வேண்டிய சோதனை வேறு. ஒவ்வொரு பதிப்பிலும் உண்மையாக எழுதப்பட்ட ஒரு சிறு கோப்பை, மூன்று நிலைகளிலும் ஒரு நூலாவது இருக்கும்படி, தலைப்பில் எண் தொடரும் தமிழ்ச் சொல் ஒன்றும் இருக்கும்படி, நிரலோடு சேர்த்துச் சேமித்துவையுங்கள். எண் தொடரும் சொல் எதற்கென்றால், ‘தமிழ்5’ என்பதை ஷோ எழுதும்போது கடைசிக் குறியின் எண்ணோடு 5 ஒட்டிவிடாதபடி "\3021\&5" என்று நடுவில் ஒரு வெற்றுக் குறியை இடும்; ஷோ வடிவத்துக்கென்று கையால் பகுப்பான் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும் அந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் இன்றைய நிரல் படித்து, எதிர்பார்த்த மதிப்பு வருகிறதா என்று ஒப்பிடட்டும். அவற்றை ஒருபோதும் புதிய நிரலால் திரும்ப எழுதவேண்டாம். கிட் என்னும் பதிப்புக் காப்பகத்தில் வைப்பதானால், விண்டோஸ் கணினிகளில் வரிமுடிவுகள் மாறிவிடாதபடி, கிட்-ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் அவற்றை பைனரி என்று குறித்துவிடுங்கள்.